உறுப்பினருக்கு அறுபத்தைந்து முடிந்த நாள்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ரூல்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மேசைப் பலகையில் சொந்தப் பெயர் இருந்தது. அதைப் படித்தவர் அநேகமாகத் தபால்காரர் ஒருவர்தான்.

மின்சாரக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு ஆடாமல் பார்த்துக்கொள்ள அரசு வைத்த ஆணையம் எங்களுடையது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். ஜனங்கள் கொண்டுவரும் வழக்குகளை அவர்கள் கேட்பார்கள், ஆணை போடுவார்கள். நான் தட்டச்சு செய்வேன். அந்த மூன்று பேரையும் கட்டுக்குள் வைப்பது அக்காவின் வேலை. சட்டத்தில் அப்படி எழுதவில்லை, ஆனால் நடந்தது அதுதான். யாரை நியமிக்கலாம், யாரைக் கூடாது, பதவி ஏற்கும்போது என்ன உறுதிமொழி, கம்பெனியில் பங்கு வைத்திருக்கலாமா, மச்சினன் வைத்திருந்தால் என்ன செய்வது, பதவி போன பிறகு எத்தனை வருஷம் கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, எல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தது. பழுப்பு அட்டை போட்ட பதிவேடு ஒன்று வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம்.

ஒரு தடவை ஒரு கம்பெனியிலிருந்து தலைவருக்கு ஆப்பிள் கூடை வந்தது. உறுப்பினர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பது விதி. அக்காவுக்குத் தகவல் போவதற்குள் தலைவர் ஒன்றைக் கடித்துவிட்டார். அக்கா சளைக்கவில்லை. "பெறப்பட்டவை இருபது, திருப்பி அனுப்பப்படுபவை பத்தொன்பது, ஒன்று அறியாமல் உண்ணப்பட்டது" என்று கடிதம் வைத்துக் கூடையைத் திருப்பி அனுப்பினார். அந்தக் கடிதத்தை நான்தான் அடித்தேன். சிரித்துச் சிரித்து மூன்று இடத்தில் பிழை விட்டேன். அவர் சிரிக்காமல் மூன்றையும் வட்டமிட்டுத் தந்தார்.

வீட்டிலும் அப்படித்தான். வீட்டுக்காரர் ஒரு மருந்துக் கடையில் விற்பனையாளர், வாய் சும்மா இருக்காத மனிதர். ஆணையத்தில் குறைந்தது இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் வழக்கு நடக்கும், ஒருவர் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது. அதை வைத்து, "எங்க வீட்லயும் ரெண்டு பேர் உக்காந்தாத்தான் சாப்பாடு, ஒருத்தர் பசிக்கெல்லாம் அனுமதி கிடையாது" என்று என்னிடம் புகார் சொல்வார். மகன் வெளியூரில் வேலை பார்த்தான். ஆக வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

அந்தத் தையல்கார அம்மா எங்களிடம் வந்தபோது ஆணையத்தில் இருந்ததும் இரண்டு பேர்தான். மூன்றாவது நாற்காலி காலியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இடம் காலியாவதற்கு ஆறு மாதம் முன்பே தேர்வுக் குழு கூடிப் பெயர் தரவேண்டும் என்று விதி சொல்கிறது. குழுவில் மூன்று பெரிய மனிதர்கள். ஒருவருக்கு நேரம் கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காது. அக்கா மாதம் தவறாமல் நினைவூட்டுக் கடிதம் எழுதுவார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்த மூன்று பேரில் ஒருவர் வீட்டிலாவது ஒரு மணி நேரம் கரண்ட் போயிருந்தால் மறுநாளே கூடியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தையல்கார அம்மாவுக்கு ஒரு கடைத் தெருவில், மாடிப் படிக்குக் கீழே, மெஷின் ஒன்றும் ஸ்டூல் ஒன்றும் போடும் அளவுக்கு இடம். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது மாதிரி வேலை. கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷினில் இருந்தார். அது கரண்டில் ஓடும் மெஷின். ஒரு நாள் மதியம் பராமரிப்பு வேலை என்று கம்பெனி அந்தத் தெருவுக்கே கரண்டை நிறுத்தியது. அம்மா கடையில் இருந்தார். பதினைந்து வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தபோது மெஷினும் நின்றிருந்தது, அப்பாவும் போயிருந்தார்.

இப்படி மருத்துவ மெஷின் உள்ள வீடுகளுக்கு இரண்டு நாள் முன்பே எழுத்தில் அறிவிப்பு தரவேண்டும், தேவைப்பட்டால் பேட்டரியும் கொடுக்கவேண்டும். கொடுத்தோம் என்றது கம்பெனி. ஒரு கையெழுத்து நோட்டைக் காட்டியது. அதில் அந்த வீட்டுக்கு நேரே அம்மாவின் பெயரில் ஒரு கையெழுத்து இருந்தது.

கணவரின் கூடப்பிறந்தவர், அந்தப் பெண்ணின் அத்தை, அந்த நோட்டைப் பார்த்துவிட்டார். கரண்ட் போகும் என்று தெரிந்தே இவள் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி, பெண்ணைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெண்ணும் கூடவே போய்விட்டது. கதவைத் திறந்தது அந்தப் பெண்தானே. யார்மேலாவது கோபப்படாமல் அதனால் இருக்க முடியவில்லை.

ஆகவே அந்த அம்மா எங்களிடம் நஷ்டஈடு கேட்கவில்லை. மனுவில் கோரிக்கை என்ற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது, தனக்கு அறிவிப்பு தரப்படவில்லை என்று எழுதித் தரவேண்டும் என்று. வக்கீல் யாரும் இல்லாமல் அவரே எழுதியது. விசாரணைக் கூடத்தின் வாசலில் அக்காவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"மேடம், அது என் கையெழுத்து இல்ல. நான் சொன்னா எம்பொண்ணு நம்பமாட்டேங்குறா. நீங்க சீல் போட்டுச் சொன்னா நம்புவா."

அக்கா அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தவணைச் சீட்டில் அடுத்த தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வேறெதுவும் சொல்லவில்லை, வழக்கைப் பற்றி ஊழியர்கள் பேசக் கூடாது.

பதினோரு அமர்வு நடந்தது. உறுப்பினர் ஒரு இன்ஜினியர், நிதானமான மனிதர். அந்த நோட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, மூக்கருகே வைத்துப் பார்த்தார். இருபது வீட்டுக் கையெழுத்து, ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரம். கம்பெனியின் ஆளைக் கூண்டில் வைத்து மூன்று அமர்வு கேட்டார். கடைசியில் அவன் தானே மொத்தமாகப் போட்டதாக ஒப்புக்கொண்டான். தையல்கார அம்மா அன்றைக்கு அழவில்லை. போகும்போது என் மேசையில் தட்டி, இது எழுத்தில் வருமா என்று மட்டும் கேட்டார்.

ஆணையை இன்ஜினியர் எழுதினார், தலைவர் ஒத்துக்கொண்டார். இரண்டு கையெழுத்தும் விழுந்தால் முடிந்தது. ஆனால் உறுப்பினர் பதவி அறுபத்தைந்து வயது முடியும்வரைதான். இன்ஜினியரின் பிறந்த நாள் அந்த மாதம் பன்னிரண்டு. அக்காவின் பதிவேட்டில் அவர் பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பு மையில் "பதவிக்காலம் பன்னிரண்டாம் தேதி வரை" என்று இருந்தது.

பதினொன்றாம் தேதி மதியம் மூன்றரைக்கு இன்ஜினியர் ஏழாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரியைத் திருத்தித் தந்தார். "அறிவிப்பு தரப்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை" என்று இருந்ததை அடித்துவிட்டு, "மனுதாரருக்கு அறிவிப்பு எதுவும் தரப்படவில்லை, நோட்டில் உள்ளது அவர் கையெழுத்து அல்ல" என்று எழுதியிருந்தார். நல்ல திருத்தம். ஆனால் பக்கங்கள் நகரும், மறுபடி அச்செடுத்துச் சரிபார்க்கவேண்டும், ஆறு மணி ஆகிவிடும். எனக்கு ஐந்து பத்துக்கு பஸ். அதை விட்டால் ஒன்றரை மணி நேரம் நிற்கவேண்டும். நாளைக்குக் காலையில் கையெழுத்து வாங்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நாளைவரைக்கும் இருக்கிறார், வாங்கிக்கொள் என்றார்.

அந்த ஐந்து பத்து பஸ்ஸை நான் பிடித்தேன்.

மறுநாள் காலை பத்தரைக்குத் தலைவரும் இன்ஜினியரும் ஆணையில் கையெழுத்திட்டார்கள். பிறந்த நாளில் ஒரு நல்ல காரியம் என்று இன்ஜினியர் சந்தோஷப்பட்டார். பதினொன்றரைக்குப் பிரிவு உபசாரம். கேக்கின் மேல் கிரீமில் பெரிதாக 65 என்று எழுதச் சொன்னது நான். போட்டோ எடுத்ததும் நான். அதை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டதும் நான்தான். சனியனை விலைக்கு வாங்குவது என்பார்களே, அது.

தையல்கார அம்மா நகல் வாங்க வந்தார். ஏழாம் பக்கத்தை நின்றபடியே படித்தார். மறுபடி படித்தார். மகளிடம் போனில் சொல்லியிருக்கிறார். முதலில் அது நம்பவில்லை. ஒரு மாதம் விடாமல் பேசியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லத்தான் அவர் அலுவலகத்துக்கு மறுபடி வந்தார். மேல்முறையீடு செய்யக் கம்பெனிக்கு நாற்பத்தைந்து நாள் கெடு, அன்றைக்கு நாற்பதாம் நாள்.

அதே நாள் மதியத் தபாலில் கம்பெனி வக்கீலின் தகவல் உரிமை விண்ணப்பம் வந்தது. உறுப்பினரின் பிறந்த தேதிக்குச் சான்றிட்ட நகல் வேண்டுமாம். இணையதளத்தில் இருந்த கேக் படத்தையும் இணைத்திருந்தார்.

அக்கா அதைப் படித்தார். விரலை மடக்கி எதையோ எண்ணினார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, பன்னிரண்டாம் தேதி பொறந்தவருக்கு அறுபத்தஞ்சு எப்ப முடியும்?"

பன்னிரண்டாம் தேதி என்றேன். இல்லை என்றார். பிறந்த அன்றே முதல் நாள் கணக்காகிவிடுகிறது, ஆகவே வருஷம் நிறைவது பதினொன்றாம் தேதி இரவோடு. பன்னிரண்டாம் தேதி காலையில் கையெழுத்துப் போட்டவர் உறுப்பினரே இல்லை, கேக் வெட்ட வந்த ஒரு பெரியவர். அவரைக் கழித்தால் மிஞ்சுவது தலைவர் ஒருவர். ஒருவர் போட்ட ஆணை செல்லாது.

ஊழியர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்தத் தேதியில் பிறந்தாலும் அந்த மாதக் கடைசி நாளில்தான் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் மட்டும் முந்தின மாதமே போய்விடவேண்டும். உறுப்பினர்களுக்கு மாதக் கடைசி என்ற சலுகை இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் முப்பத்தொன்று என்று எழுதியிருப்பார்கள். அவர் பன்னிரண்டு என்று எழுதினார். பெரிய தப்பைத் தவிர்த்துவிட்ட நிம்மதியில் சின்னதை விட்டுவிட்டார்.

"ஒண்ணாம் தேதி பொறந்தவங்க முந்தின மாசமே போகணும்னு இருபத்தாறு வருஷமா எழுதுறேன் தம்பி. ஏன்னு ஒரு நாள் கேட்டிருந்தா போதும்."

நான் அவருக்கு வழி சொன்னேன். சட்டப்படி விண்ணப்பத்துக்குப் பதில் தர முப்பது நாள் இருக்கிறது. ஆறே நாள் மேசைக்குள் வைத்திருந்தால் கம்பெனியின் கெடு முடிந்துவிடும். பொய் சொல்லவேண்டாம், எதையும் மறைக்கவேண்டாம், விதி கொடுத்த நாளை எடுத்துக்கொள்வதுதானே. அதற்குள் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடும்.

விண்ணப்பத்தை இழுப்பறையில் வைத்தார். இரண்டு நாள் அது அங்கே இருந்தது. அந்த இரண்டு நாளும் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நகல் எடுத்து, சான்றிட்டு, தபாலில் சேர்க்கச் சொன்னார். நான் கத்திவிட்டேன், நிஜமாகவே கத்தினேன். உங்களுக்கு மனுஷங்களைவிடப் பேப்பர்தான் பெரிது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தப்பு என்னோடது. நான் மூடி வைக்கிறது அந்தம்மாவுக்காகவா, எனக்காகவான்னு எனக்கே தெரியல தம்பி. ரெண்டு நாளா யோசிச்சுப் பார்த்துட்டேன். அது தெரியாம எப்படி வைக்கிறது?"

அவர் செய்தது சரியென்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் கவரை எடுத்துக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்தேன்.

கம்பெனி நாற்பத்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, மேல்முறையீடு போட்டுத் தடை வாங்கியது. தையல்கார அம்மா தானே மகளுக்குப் போன் செய்து தடை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத மனுஷி. ஞாயிற்றுக்கிழமை பெண் வரவில்லை.

மூன்று மாதத்தில் மேல்முறையீட்டு மன்றம் ஆணையை ரத்து செய்தது. நோட்டைப் பற்றியோ கையெழுத்தைப் பற்றியோ மன்றம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உறுப்பினராக இல்லாதவர் கையெழுத்திட்டதால் ஆணை செல்லாது, ஆணையம் முதலிலிருந்து விசாரிக்கவேண்டும் என்றது. விசாரிக்க இரண்டு பேர் வேண்டும். இருந்தவர் தலைவர் ஒருவர். தேர்வுக் குழு கூடவில்லை.

அக்கா மேல் விசாரணை வைத்து, பதிவேட்டில் தவறான பதிவு செய்ததற்காகக் கண்டனம் கொடுத்தார்கள். அந்தக் கண்டனக் கடிதத்தை அவரே தன் கோப்பில் துளைபோட்டுச் சேர்த்தார். எல்லோரும் அவரை ரூல்ஸ் அக்கா என்று கூப்பிடுவது மெல்ல மெல்ல நின்றுபோனது. யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை, வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

தையல்கார அம்மா முதல் வருஷம் மாதம் ஒரு தடவை வந்து கேட்பார். அக்கா எழுந்து நின்று, இன்னும் கூடவில்லை என்பார். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. பிறகு போனில்.

இரண்டு வருஷம் கழித்து அக்கா ஓய்வு பெற்றார், ஊழியர் என்பதால் மாதக் கடைசி நாளில். மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்து, அந்தப் பெண் இருக்கும் இடத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடச் சொன்னார். ரத்தான ஆணையின் நகலைப் பையில் வைத்திருந்தார். இப்போது தன்னைப் பேசக் கூடாது என்று சொல்ல எந்த விதியும் இல்லை என்றார்.

அத்தை வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றோம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது ஆகியிருக்கும். உள்ளே கூப்பிடவில்லை. ஏழாம் பக்கத்தைப் படித்தது. பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, குறுக்கே அடித்திருந்த ரத்து முத்திரையைப் பார்த்தது.

"செல்லாதுன்னு இதுலயே போட்டிருக்கே ஆன்ட்டி."

தேதியை எண்ணியதில் தன் தப்பு, எழுதியிருப்பது உண்மை என்று அக்கா சொன்னார். கையெழுத்துப் போட்டபோது இன்ஜினியர் உறுப்பினர்தானா என்று பெண் கேட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை என்றார் அக்கா.

"அந்த நோட்லயும் ஒரு கையெழுத்து இருந்துச்சு. நம்புன்னாங்க. இப்ப இதுலயும் ஒண்ணு இருக்கு. செல்லுற மாதிரி ஒண்ணு வந்தா சொல்லுங்க, அப்ப பார்க்கிறேன்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டது. திமிராகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னது. திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபோதுதான் வழியெல்லாம் அக்கா அழுதிருக்கிறார் என்று தெரிந்தது.

அதற்கு ஐந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மாடிப்படிக் கடை திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். தூக்கத்திலேயே போயிருக்கிறார் அந்த அம்மா. நல்ல சாவு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

அவர் போய் ஏழாவது வாரம் தேர்வுக் குழு கூடியது. இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார்களாம்.

புது உறுப்பினர் வந்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். முதலில் கேட்டது அவருடைய பிறந்த தேதி. அறுபதுதான் ஆகிறது என்றேன். அப்படியும் தேதியைக் கேட்டு வாங்கி, கடைசி நாள் எது என்று சொல்லி, அதை என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். மனுதாரர் இறந்துவிட்டால் வாரிசு தொண்ணூறு நாளுக்குள் வந்து வழக்கைத் தொடரலாம், இல்லாவிட்டால் முடித்துவிடுவார்கள். எண்பதாம் நாள் அந்தப் பெண் வந்தது. யார் சொல்லி வந்தது என்று நான் கேட்கவில்லை. அக்கா ஒவ்வொரு வாரமும் அந்த கேட்டுக்குப் போய் நின்றதாக அவர் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

இந்தத் தடவை நான்கே அமர்வு. நோட்டு அதே நோட்டு, கம்பெனி ஆள் அதே ஆள். புது உறுப்பினர் பழைய கோப்பைப் படித்துவிட்டு, இதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது, இதையே அடித்துக் கொண்டுவா என்றார். தேதியும் ஒரு கையெழுத்தும் மாறின.

நகல் வாங்கும் நாளில் அக்காவும் வந்திருந்தார். பார்வையாளர் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, வெளி ஆட்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெண் நேராக ஏழாம் பக்கத்தைப் புரட்டியது. அம்மா நின்ற அதே இடத்தில், அதே மாதிரி நின்றபடியே படித்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"அன்னைக்குக் கொண்டுவந்ததுலயும் இதேதான் இருந்துச்சா?"

"இதேதாம்மா. ஒரு எழுத்து மாறல."

அது பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

"அப்போ அன்னைக்கு அதுல என்ன ஆன்ட்டி குறைஞ்சிருந்துச்சு?"

அக்கா எழுந்து நின்றார். தையல்கார அம்மா வரும்போதெல்லாம் எழுந்து நிற்பாரே, அப்படி.

"ஒரு நாள்" என்றார்.

பெண் நகல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது. மனுதாரருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் மகள் என்று எழுதியது. தேதியை எழுதுவதற்கு முன் சுவரில் காலண்டரை ஒரு தடவை பார்த்துக்கொண்டது.